சிறிமாவோ பண்டாரநாயக்க பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

படிச்சது வரலாறு, பொழப்பு வேற. எங்க வீட்டாளுங்க இலங்கையில பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துலேருந்து ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, கோத்தகிரியில ஒதுங்குனவங்க. அதனால அங்க பிரதமரா இருந்த இந்தம்மா மேல எனக்கு சொந்தக் கணக்கு ஒண்ணு இருக்கு, அதையும் மனசுல வச்சுட்டே படிங்க. ஒரே ஒரு வேண்டுகோள், தோட்டத் தமிழர்ல யாரு இந்தியாவுக்கு, யாரு இலங்கைக்குன்னு பிரிச்ச 64 ஒப்பந்தத்தையும் 74 ஒப்பந்தத்தையும் போட்டு குழப்பாதீங்க.

கேள்வி: உலகத்தோட முதல் பெண் பிரதமர் இந்திரா காந்தி தானே?

இல்லங்க. இந்திரா 1966 ஜனவரி. சிறிமாவோ 1960 ஜூலை 21.

கேள்வி: அரசியலே தெரியாத குடும்பப் பெண், புருஷன் செத்த அனுதாபத்துல வந்தாங்கன்னு சொல்றாங்களே?

பாதி சரி. 1959 செப்டம்பர்ல அப்போ பிரதமரா இருந்த கணவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவ வீட்டுல வச்சே ஒரு பிக்கு சுட்டாரு, மறுநாள் உயிர் போச்சு. அடுத்த தேர்தல் கூட்டங்கள்ல அவரு பேசுன பேச்சை ரெக்கார்டு போட்டு கேக்க வச்சாங்க, ஜனம் அழுதுச்சு, அனுதாபம் இல்லாம இல்ல. ஆனா அதுக்கு முன்னாடியே மகிளா சமித்தின்னு கிராமத்துப் பெண்கள் சங்கத்துல வருஷக்கணக்கா ஊர் ஊரா அலைஞ்சவங்க, ரத்னபுரி ரத்வத்த குடும்பம் வேற, கண்டிப் பக்க பெரிய வீடு, வீட்டுக்கு வந்து போறவங்க எல்லாருமே அரசியல்வாதிங்க, தெரியாதுன்னு எப்படி சொல்றது? 1960 ஜூலைல இவங்க கட்சி, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 75 சீட்டு. இவங்க எந்தத் தொகுதியிலும் நிக்கல, செனட்ங்கற மேல்சபை வழியா பிரதமர் ஆனாங்க. கணவரை விட இவங்க கெட்டின்றது என் அபிப்பிராயம். 1962ல ராணுவ, போலீஸ் அதிகாரிங்க ஆட்சியக் கவுக்கப் பாத்தாங்க, 71ல ஜேவிபிங்கற இடதுசாரி இளைஞர் இயக்கத்தோட கலகம், ரெண்டையும் தாண்டுனாங்க.

கேள்வி: சிறிமாவா, சிறிமாவோவா?

பேரு சிறிமா. "வோ" மரியாதைக்கு சேக்குறது.

கேள்வி: எங்க தாத்தாவும் அந்த ஒப்பந்தத்துல வந்தவர்தான். எத்தனை பேரு, யாரு முடிவு பண்ணது?

1964 அக்டோபர் 30, சிறிமாவோவும் சாஸ்திரியும். நாடில்லாம நின்ன இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் 9,75,000 பேர்ல 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. அந்த மிச்சத்த 1974ல இந்திராவும் இவங்களும் ஆளுக்கு 75,000ன்னு பங்கு போட்டாங்க. போகப் போறவன் கிட்ட யாரும் கேக்கல, தோட்டத் தொழிற்சங்கத் தலைவருங்களக் கூட கேக்கல. ஆனா குடியுரிமையப் பறிச்சது இந்தம்மா இல்ல, அது 1948ல டி.எஸ். சேனநாயக்க ஆட்சி, அத மறந்துட்டு எல்லாத்தையும் இவங்க தலையில கட்டாதீங்க. எழுதுன கணக்கு அளவுக்கு ஆளும் வந்து சேரல. 1984ல கப்பலும் நின்னுபோச்சு.

கேள்வி: கச்சத்தீவ யாரு குடுத்தா?

1974, 76 ஒப்பந்தங்கள எடுத்துப் படிங்க. இங்க ஆரம்பிச்சா விடிஞ்சுடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நீங்கள் அவாவ திட்டுறியள். எங்கட ஐயா சொந்தக் காணியில தோட்டஞ்செய்த விவசாயி, வெங்காயம் மிளகாய்ல காசு கண்டது அவாட காலத்திலதான் எண்டு இப்பவும் சொல்லுவார்.

உங்க ஐயா சொல்றது உண்மை. 70க்கு அப்புறம் இறக்குமதிய நிறுத்துனதும் வடக்குல விளைஞ்சதுக்கு நல்ல விலை கிடைச்சுது.

கேள்வி (ஹட்டன்): அதே நேரத்துல எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) பட்டினி கிடந்து செத்தாங்க. அது தெரியுமா அண்ணனுக்கு?

கேள்வி (யாழ்ப்பாணம்): தெரியும் தம்பி. எங்கட பெடியளுக்கு கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்காமப் போனதும் அவாட தரப்படுத்தலாலதான், தமிழ்ப் பிள்ளையளுக்கு கூட மார்க் கேட்ட முறை அது. ஐயா வெங்காயம் வித்த காசில படிச்ச அண்ணைக்கே இடமில்லை.

சண்டை வேணாம், ரெண்டு பேரும் ஒரே ஆட்சியத்தான் சொல்றீங்க. 73, 74ல உலகம் பூரா அரிசி, எண்ணெய் விலை ஏறுச்சு, ரேஷன் குறைஞ்சுது, ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகக் கூட தடை. சொந்த நிலம் இருந்தவன் விதைச்சான், வித்தான். தோட்டத்து ஆளுக்கு நிலமே கிடையாது, கூலியும் ரேஷனும்தான், அதுல கை வச்சதும் விழுந்துட்டான். பாண் (ரொட்டி) கடை வரிசையில நின்ன சிங்களவனும் மறக்கல, 1977ல கட்சிக்கு வெறும் 8 சீட்டு. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18, எதிர்க்கட்சித் தலைவரே அமிர்தலிங்கம். தரப்படுத்தலும், 72 அரசியலமைப்புல பௌத்தத்துக்கு முதலிடமும் அந்த 18க்குப் பின்னாடி இருக்கு.

கேள்வி: முதல் பெண் பிரதமர் பெனாசிர்னு எங்கயோ படிச்சேனே?

மேல பாருங்க.

கேள்வி: கடைசி காலம் எப்படி?

1980ல ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சியில குடியியல் உரிமையே பறிபோச்சு, 86ல திரும்பக் கிடைச்சுது. 88 ஜனாதிபதித் தேர்தல்ல பிரேமதாசகிட்ட தோல்வி. 94ல மக சந்திரிகா ஜனாதிபதி, அம்மா மூணாந்தடவ பிரதமர், ஆனா அதிகாரம் பூரா மககிட்ட. 2000 அக்டோபர் 10, தேர்தல் நாள், ஓட்டுப் போட்டுட்டு திரும்பும்போது வழியில மாரடைப்பு.

கேள்வி: அந்த 74 ஒப்பந்தத்துல அஞ்சேகால் லட்சம் பேரு...

64ங்க. அறுபத்திநாலு. நான் டீ போடப் போறேன்.