எஞ்சினை இறக்குவதற்கு முன்: உப்புக் காற்றில் மிஸ்ஸிங்

கேள்வி: மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். என்னிடம் 2009-ஆம் ஆண்டுத் தயாரிப்பான மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. பிளக் ஒயர் உள்ள பழைய மாதிரி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் குலுங்குகிறது, பாம்பன் பாலத்தில் ஏறும்போது இழுக்க மறுக்கிறது. வெயில் ஏறினால் ஓரளவு சரியாகிவிடுகிறது. மூன்று பிளக்கையும் மாற்றினேன். சில நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் மிஸ்ஸிங். எஞ்சினை இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு வழியில்லை. என்ன செய்வது?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று யாராவது உங்களுக்குக் காட்டினார்களா? காட்டாமல் எஞ்சினை இறக்கச் சொல்வது, நோய் என்னவென்று பார்க்காமல் அறுவைக்கு நாள் குறிப்பது போல. பழைய காரில் பணம் கரைவதே இப்படித்தான்: இன்றைக்கு பிளக், அடுத்த வாரம் காயில் (பிளக்குக்கு உயர் மின்சாரம் தரும் பாகம்), அதற்கடுத்து பெட்ரோல் பம்ப் என்று ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவது. கண்டுபிடிப்பதற்கான கூலியை மனமுவந்து கொடுங்கள். ஊகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காலை ஈரத்தில் மோசம், வெயில் ஏறினால் சரி என்கிறீர்கள். கடலோரத்தில் இப்படி நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையைத்தான். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒயரின் ரப்பரில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும். அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் பிளக்கை விட்டுவிட்டு எஞ்சின் உடம்பில் பாய்ந்துவிடும். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் கார் ஒழுங்காக ஓடும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இழுக்கும்போது ஒயரைப் பிடிக்காமல் நுனியிலுள்ள ரப்பர் மூடியைப் பிடியுங்கள். மூடிக்குள் இருக்கும் உலோக முனையில் பச்சை நிறத்தில் மாவு போலப் பூத்திருந்தால் அது உப்பின் வேலை. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் கசிந்த தடம் அது. அந்தத் தடம் விழுந்த பிளக்கைத் துடைத்துப் போட்டுப் பயனில்லை. அதையும் அதன் ஒயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீங்கள் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஒயரையே மாட்டியிருந்தால், சில நாளில் கோளாறு திரும்பியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி உள்ள காராக இருந்தால் அதன் உட்புறத்தையும் பாருங்கள். இரவில் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, ஒயர்கள் மீது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கை மட்டும் அருகில் போகக் கூடாது, அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட்.

பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் ஒயரையும் விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் அதன் போல்ட் துருப்பிடிக்காத பழைய கார் அபூர்வம். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே தீர்ந்துபோகும் மிஸ்ஸிங்குகள் உண்டு. செலவே இல்லாத வேலை.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எண்ணெய் மேலே ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினிலும் புது பிளக் சில நாள் நன்றாக வேலை செய்யும். பிறகு எண்ணெய் படிந்து அடைத்துக்கொள்ளும். எது என்பதைக் கழற்றிய பிளக்கே சொல்லிவிடும். இளம் பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த சிலிண்டர் நலம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்து மினுங்கினால், அப்போதுதான் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அப்போதும் இறக்கச் சம்மதிக்கும் முன் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே அமுக்கப்படும் காற்றின் அழுத்தத்தை, அளந்து, அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு). ஹெட்டை மட்டும் கழற்றினால் தீரும் வேலைக்கு முழு எஞ்சினையும் இறக்குவானேன்?

ஒயரை முழு செட்டாக, பில்லோடு வாங்குங்கள். பிளக்கில் போலி நிறைய நடமாடுகிறது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். உடைத்த காரிலிருந்து கதவுக் கண்ணாடி வாங்கலாம், விளக்கு வாங்கலாம். காயிலும் ஒயரும் வாங்கவே கூடாது, அவற்றின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் பளபளக்க டீசல் அடித்துக் கழுவுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். ரப்பர் ஊதிப்போகும்.

சரியாகும்வரை மிஸ்ஸிங்கோடு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதன் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். டாஷ்போர்டிலுள்ள எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் எந்த வேலை கொடுத்தாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாமல் போனால் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். நீங்கள் கொடுக்கும் தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில் மட்டும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கீழக்கரையில் ஒரு பழைய கார் விலைக்கு வருகிறது. லேசான மிஸ்ஸிங்தான், பிளக் மாற்றினால் போய்விடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: பிளக் மாற்றினால் போய்விடும் என்றால் அவரே மாற்றிவிட்டு விற்கட்டும், சில நூறு ரூபாய் வேலைதானே. மாற்றிய பிறகும் உடனே முன்பணம் கொடுக்காமல் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அதிகாலையில் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார். கிளம்பிவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.