11ஆம் வாரத்தோடு நின்றுபோன 52 வாரச் சவால்: லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி: வாரத்துக்கு ஒரு இயற்கைப் படம் வீதம் ஓராண்டு எடுக்கும் சவாலில் போன வருடம் சேர்ந்தேன். வாரம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஞாயிறுதோறும் ஏரி, மலை என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் பத்து வாரம் ஒழுங்காக எடுத்தேன். 11ஆம் வாரம் 'பறவை' என்று தலைப்பு வந்தது. என்னிடம் இருப்பது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், ஒரு போன். அந்த வாரம் வேலையும் அதிகம். விட்டேன், அதோடு நின்றுவிட்டது. மறுபடி தொடங்க ஆசை. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸோ, சின்னதை மிக அருகே போய் எடுக்கும் மேக்ரோ லென்ஸோ வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா? அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன், சுற்றிலும் இயற்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய படத்தைக் கொடுக்கலாமா?

பதில்: லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு படத்துக்கு அரை நாள் என்ற ஏற்பாடுதான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஏரிக்குப் போக ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம். வேலைக்குப் போகிறவர் இதை 52 ஞாயிறு தாங்க முடியாது. பத்து வாரம் தாங்கினீர்களே, அதுவே பெரிது. நானும் முதல்முறை இப்படித்தான் ஓடினேன். 14ஆம் வாரம் காய்ச்சல் வந்தது, எனக்கு முன்னால் சவால் படுத்துவிட்டது.

ஆகவே முதலில் இடத்தைச் சுருக்குங்கள். வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் எட்டும் தூரத்தை உங்கள் எல்லையாக வைத்துக்கொண்டு, 52இல் நாற்பது படமாவது அதற்குள்ளேயே எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். மலைக்குப் போக வாய்ப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். மலைக்குப் போனால்தான் படம் என்ற நிலைமை மட்டும் வேண்டாம்.

ஒன்றுமில்லை என்று சொல்கிற அந்தக் கட்டடத்தையே ஒரு பாறைக்குன்று என்று நினைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். புறா அப்படித்தான் நினைக்கிறது. பாறை விளிம்புகளில் கூடு வைத்துக்கொண்டிருந்த காட்டுப்புறாவின் வழிவந்ததுதான் இன்றைய நகரத்துப் புறா. உங்கள் ஜன்னல் திட்டு அதற்கு இன்னொரு பாறை விளிம்பு. குழாய் கசிகிற சுவரில் பாசி இருக்கும். விரிசலில் ஒரு செடி, மாடிப்படி மூலையில் சிலந்தி, விளக்கடியில் அந்துப்பூச்சி, மழை விட்டதும் தேங்கிய நீரில் தலைகீழாக வானம். பாசி ஒன்றே மூன்று வாரத்துக்குத் தாங்கும். காய்ந்து சுருண்டு கிடக்கும்போது ஒரு நிறம். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் பச்சை திரும்பி வரும். ஒரு பருவத்தில் மயிரிழை போன்ற காம்புகள் எழும்பி, நுனியில் சின்னச் சின்னப் பைகளோடு நிற்கும். குனிந்து பார்த்தால் தவிர இதெல்லாம் தெரியாது.

இடத்தைச் சுருக்கியதால் யாரும் சிறுத்துவிடவில்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோவில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். மைக்ரோஸ்கோப்பை, துருத்தி போல மடிப்புள்ள பெல்லோஸ் கேமராவோடு பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று பனிப்படிகம் ஒன்றைத் தனியாகப் படமெடுத்தார். 1931இல் இறக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். 5,000க்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் தன் பண்ணையில் விழுந்த பனி.

உங்கள் எல்லைக்குள் ஒரு மரத்தையோ புதரையோ தேர்ந்தெடுத்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே கோணத்தில் எடுங்கள். அப்படியே 13 படம் தயார். தலைப்பை யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை கால்வாசி குறையும். 'அதே கோணம்' என்பதை லேசாக எடுத்துக்கொண்டு பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். நின்ற இடம் நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். முன்னால் இருக்கும் ஒன்றும் பின்னால் இருக்கும் ஒன்றும் ஒரே கோட்டில் வருகிற இடத்தைப் பிடியுங்கள்: கிளை பிரிகிற கவட்டைக்கு நேர் பின்னால் எதிர்வீட்டு ஜன்னலின் மேல்மூலை, இந்த மாதிரி. இடமோ வலமோ ஓர் அடி நகர்ந்தாலும் அந்த இரண்டும் விலகிவிடும், தப்பு உடனே தெரியும். லென்ஸின் ஜூம் வளையத்தை 18 மி.மீ.யிலோ 35இலோ வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துச் சட்டகத்தைப் பொருத்துங்கள்.

மரம் மாறுவதைவிட வெளிச்சம் மாறுவது உங்களை ஆச்சரியப்படுத்தும். சூரியன் உதிக்கும் புள்ளி ஆண்டு முழுக்கத் தொடுவானத்தில் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அந்த நகர்வு வேகமாக இருக்கும். ஜூன், டிசம்பர் கடைசி வாரங்களில் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஜனவரியில் காலை வெயிலே படாத ஒரு சுவர்ப்பாசி மே மாதத்தில் பின்னொளியில் எரிந்துகொண்டிருக்கலாம். ஞாயிறன்று ஏரிக்கு ஓடுகிறவருக்கு இது கண்ணில் படவே படாது. தினமும் அந்த வழியாகக் குப்பை கொட்டப் போகிறவருக்குப் படும்.

இனி 'பறவை'. 55 மி.மீ. லென்ஸில் குருவியின் கண்ணைப் பிடிக்க முடியாது, உண்மைதான். அப்படிப் பிடிக்க வேண்டும் என்று தலைப்பு கொடுத்தவர் கேட்கவில்லையே! பெரிய வானத்தில் சின்னதாக ஒரு காகம் நல்ல படம். சேற்றில் பதிந்த காலடி, உதிர்ந்த இறகு, பறவைகள் இரவு தங்குகிற மரத்தடியில் எச்சம் விழுந்து வெளுத்த இலை எல்லாமே பறவைதான். சூரியன் மறைந்த பிறகு கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவைகளை நிழலுருவாக எடுங்கள். வானத்தின் வெளிச்சமான பகுதியை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது படம் வாங்கும் வெளிச்சத்தின் அளவை, பூட்டுங்கள், போன் என்றால் திரையை அழுத்திப் பிடித்து. ஃபோகஸ் பறவையின் விளிம்பில் இருக்கட்டும். வாலோ அலகோ வேறொன்றோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகிற நொடிக்குக் காத்திருங்கள். பறக்கும்போது பிடிக்க நினைத்தால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியைவிட மெதுவாக வைக்காதீர்கள்.

வெள்ளைப் பறவை என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முனையும். வெள்ளைக் கொக்கோ வெள்ளைப் பூவோ சட்டகத்தை நிறைத்தால் அது அழுக்குச் சாம்பலாக விழும். கேமராவில் எக்ஸ்போஷர் திருத்தத்தை +1 வரை ஏற்ற வேண்டும். அதே கொக்கு, இருண்ட நீர்ப்பரப்புக்கு முன் சின்னதாக நின்றால் கதை தலைகீழ். கேமரா நீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் சிறகில் இழைகூடத் தெரியாமல் வெளிறிப்போகும். அங்கே -1. 'வெள்ளை என்றால் ஏற்று' என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

மேக்ரோ ஆசைக்கு இப்போதைக்குக் கிட் லென்ஸ் போதும். 55இல் வைத்து, ஃபோகஸைக் கையால் மிக அருகுக்குத் திருப்பிவிட்டு, அதன் பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். இந்த வகை லென்ஸ்கள் ஏறத்தாழ 25 செ.மீ. வரை நெருங்க விடும். அந்தத் தூரம் லென்ஸின் நுனியிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, உள்ளே பிம்பம் விழும் சென்சாரிலிருந்து. கேமராவின் மேற்புறம் ஒரு வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும், அதுதான் சென்சார் இருக்கும் இடம். ஆகவே நீங்கள் நினைப்பதைவிட அருகே போகலாம்.

அதற்கும் மேலே போக, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே செருகும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் இருக்கிறது. உள்ளே கண்ணாடி ஏதும் இல்லாத வெற்றுக்குழாய். மின் இணைப்புள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பல லென்ஸ்களில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, மாற்ற முடியாது. பொருத்தியிருக்கும்வரை தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது, வெளிச்சமும் கொஞ்சம் குறையும். நெருங்க நெருங்கக் கூர்மை விழும் ஆழம் கடுமையாகச் சுருங்கும். பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவு என்ற நிலையில், அபெர்ச்சரைச் சுருக்கி எஃப் 8இல் வைத்தாலும் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. எறும்பின் கண் கூர்மையாக இருந்தால் வயிறு இருக்காது. அதனால் பூச்சியைப் பக்கவாட்டில், சென்சாருக்கு இணையாக வைத்து எடுங்கள். நேரம் விடியற்காலை. உடல் சூடேறாத பூச்சி பறக்க நேரம் எடுத்துக்கொள்ளும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பல தட்டான்கள் பறந்துபோனாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். துரத்தாமல் குச்சிக்கு ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருங்கள்.

போனில் எடுத்தால் குறைவில்லை, சவாலின் விதி தடுக்காதவரை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல போன்கள் பொருளுக்கு மிக அருகே போனதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும், போனின் நிழலும் பூவின் மேல் விழும். கொஞ்சம் பின்வாங்கி 2 மடங்கில் எடுத்தால் பின்னணியும் அடங்கும். ஒரு வெள்ளைத் தாளை நிழல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும்.

ஆண்டு நடுவே எப்படியும் நிலா வரும். 55இல் முழு நிலா, சட்டகத்தின் அகலத்தில் ஏறத்தாழ 45இல் ஒரு பங்குதான். தனியாக எடுத்தால் புள்ளி. முழுநிலவுக்கு முந்தைய மாலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. முழுநிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும், முந்தைய நாள் அதற்கும் முன்பே வந்துவிடும். மரத்தின் மேல் இன்னும் வெயில் இருக்க, பக்கத்தில் நிலா. இருட்டிய பிறகு நிலாவை மட்டும் எடுப்பதென்றால் அபெர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 நொடி என்று தொடங்குங்கள். ஆட்டோவில் விட்டால் வெள்ளை வட்டம்தான் கிடைக்கும்.

விட்டுப்போன வாரம் பற்றி. பழைய படம் வேண்டாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் இரண்டாம் முறை கை கூசாது, ஐந்தாம் முறை நீங்கள் சவாலிலேயே இல்லை. அடுத்த வாரம் இரண்டாக எடுத்து ஈடுகட்டவும் வேண்டாம்; கடன் ஏறினால் மனம் அந்தப் பக்கம் போகாது. எண்ணை வெற்றாக விட்டு அடுத்ததற்குப் போங்கள். 49 படத்தோடு முடித்தவரை நான் முடித்தவராகவே கணக்கில் வைப்பேன். முயற்சிக்குப் புதன், மீட்புக்கு ஞாயிறு என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் விடாது. ஞாயிறு மழை என்றால் ஜன்னல் கண்ணாடித் துளி; உடம்பு சரியில்லை என்றால் ஓர் இலையைக் கண்ணாடியில் ஒட்டி, பின்னொளியில் நரம்புகள். இந்த இரண்டையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

எடுத்த அன்றே தேர்வு செய்யாதீர்கள். பட்ட கஷ்டம் நினைவில் இருக்கும்வரை சுமாரான படமும் நல்லதாகத் தெரியும். அன்று மூன்றாகக் குறைத்து, மறுநாள் ஒன்றாக்குங்கள். வாரம்01, வாரம்02 என்று பெயரிட்டு, மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

கூட்டுக்கு அருகே போகாதீர்கள், கிளையை ஒதுக்கிக் கூட்டைத் திறந்து காட்டாதீர்கள், பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தாய்ப்பறவை எச்சரித்துக் கத்தினால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் இருக்கிறீர்கள். அரிதான உயிரினம் கிடைத்தால் படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

லென்ஸுக்கு வருவோம். 26ஆம் வாரம் முடிந்ததும், தேர்ந்தெடுத்த படங்களையும் அவற்றில் பதிந்திருக்கும் விவரங்களையும் வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலானவை 55இல் எடுத்து, அதற்கும் மேல் வெட்டிப் பெரிதாக்கியவை என்றால் டெலி. ஃபோகஸ் முட்டி நிற்கும் தூரத்தில் எடுத்தவைதான் அதிகம் என்றால் மேக்ரோ. எல்லாம் 18க்கும் 24க்கும் நடுவே இருந்தால் இரண்டுமே வேண்டாம், ஒரு ட்ரைபாட் வாங்குங்கள்.