ரோல் வெறுமையாக வந்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் திருநெல்வேலியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஒரு செமஸ்டரில் போன், கல்லூரியின் நிக்கான் டி5600 டிஜிட்டல் கேமரா, மாமாவின் பழைய நிக்கான் எஃப்எம்10 ஃபிலிம் கேமரா, பால் பவுடர் டின்னில் செய்த பின்ஹோல் (லென்ஸுக்குப் பதில் ஊசித் துளை) கேமரா என நான்கையும் முயன்றுவிட்டேன் சார். எஃப்எம்10-இல் போட்ட முதல் எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோலை இருட்டறையில் கழுவினால் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. தேர்த் திருவிழாவில் இரவு டி5600-இல் எடுத்தவை எல்லாம் கலங்கல். பின்ஹோலை மத்தியான வெயிலில் 5 நிமிடம் வைத்தேன். பேப்பர் முழுக்கக் கறுப்பு. போனில் மட்டும்தான் படம் நன்றாக வருகிறது. இரண்டு மாதத்தில் போர்ட்ஃபோலியோ கொடுக்க வேண்டும். கடன் வாங்கியாவது புது மிரர்லெஸ் கேமரா வாங்கிவிடலாமா? ஃபிலிமை விட்டுவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம், விடவும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று தோல்விக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். மூன்றையுமே இந்த வாரத்துக்குள் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வெறும் ரோலைத் தூக்கிப் போடவில்லையே? எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். படம் வர வேண்டிய நடுப்பகுதியை விடுங்கள், துளைகளுக்குப் பக்கத்தில் உள்ள ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் 1, 2, 3 என்று எண்களும் கறுப்பாகத் தெரிகின்றனவா? அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) நனைந்தால்தான் வெளியே வரும். எண்கள் தெரிந்தால் நீங்கள் கழுவியது சரி, ஃபிலிம் மேல் ஒளியே படவில்லை. எண்களும் இல்லை என்றால் கோளாறு இருட்டறையில்: டெவலப்பர் செத்துப்போயிருக்கும், அல்லது அவசரத்தில் ஃபிக்சரை (கடைசியில் படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம்) முதலில் ஊற்றியிருப்பீர்கள். (இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். மூடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.) ஓரம் உட்பட மொத்தமும் கறுப்பாக இருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உங்களுடையது அப்படி இல்லை.

எண்கள் தெரிகின்றன என்றே நினைக்கிறேன். முதல் ரோல் போடுகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான்: ஃபிலிமின் நாக்கு (வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை) அதைச் சுருட்டும் ஸ்பூலில் மாட்டவே இல்லை. லீவரை இழுக்கிறீர்கள், ஷட்டர் சத்தம் கேட்கிறது, கவுன்டரும் ஓடுகிறது. ஃபிலிம் மட்டும் டப்பிக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது.

எனக்கும் நடந்திருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து, மாலை மாற்றும்போது கவுன்டரைப் பார்க்கிறேன், 40. ரோல் 36 படம். இழுத்துப் பிடித்தால் 37, 38 வரும். 40 எப்படி வரும்? மண்டபத்து அறைக் கதவைச் சாத்தி, ஜமக்காளத்துக்குள் கையை விட்டுத் திறந்து தடவினால், போட்ட இடத்தில் போட்டபடியே கிடக்கிறது நாக்கு. மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா? நல்லவேளை, கூட வந்த பையனின் யாஷிகாவில் ஒரு படம் தேறியது.

அன்றிலிருந்து இப்படித்தான் லோட் செய்கிறேன். நாக்கை ஸ்பூலின் இடுக்கில் செருகி, மூடியைத் திறந்து வைத்தபடியே ஒருமுறை லீவரை இழுத்து, பல் இரண்டு பக்கத் துளையிலும் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்ப்பேன். மூடிய பிறகு ரீவைண்ட் குமிழை வலப்பக்கமாக மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகும். தளர்வு போய்விட்டது என்று பொருள். அப்புறம் லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது. சுற்றவில்லை என்றால் ஓடவில்லை. கவுன்டரை நம்பாதீர்கள், குமிழை நம்புங்கள்.

மாமாவின் கேமரா வெகுநாள் அலமாரியில் கிடந்திருக்கும் என்பதால் ஷட்டரையும் சோதித்துவிடுங்கள். ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, ஜன்னலை நோக்கிப் பிடித்து, 1 விநாடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வேகமாகத் தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் மினுக்கென்று தெரிய வேண்டும். எஃப்எம்10 நல்ல கேமரா. நிக்கானுக்காக ஜப்பானின் கோசினா நிறுவனம் 1995 முதல் செய்து கொடுத்தது. ஷட்டர் முழுக்க இயந்திரம். உள்ளே இருக்கும் இரண்டு எல்ஆர்44 பேட்டரி ஒளி மீட்டருக்கு மட்டுமே. நம் ஊரில் விஸ்காம் படிப்பு பரவிய நாட்களில் எத்தனையோ பிள்ளைகள் இதில்தான் படித்தார்கள்.

கழுவும் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. நெல்லையில் வெயில் காலத்தில் குழாயைத் திறந்தால் 30-க்கு மேல் வரும். எச்பி5-ஐ டி-76 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் 7½ நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும், 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாகக் கழுவும். அதனால் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 8. ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டி, பாட்டில்கள் நிற்கும் பக்கெட்டில் போட்டால் 24-க்கு இறக்கிவிடலாம். டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டுக் கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், படலம் சுருங்கிவிடும்.

அடுத்து திருவிழா. கலங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள், அதில் மூன்று வகை உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தூண், விளக்கு, முகம் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. தூண் கூர்மையாக நிற்க, தவில்காரர் கை மட்டும் மேகமாகப் போயிருந்தால் ஷட்டர் மெதுவு. முன்னாலோ பின்னாலோ வேறு யாரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. புது கேமரா வாங்கினால் நடுவில் உள்ளது அப்படியேதான் இருக்கும்.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு: லென்ஸ் 50 மி.மீ. என்றால் 1/50 விநாடி, அதற்குக் குறையாத வேகம். டி5600-இன் சென்சார் சிறியது, ஒன்றரையால் பெருக்க வேண்டும். கேமராவோடு வரும் கிட் லென்ஸை 55-இல் வைத்தால் 1/80-க்குக் கீழே கையில் பிடிக்காதீர்கள். நடக்கிற ஆளுக்கு 1/125, தவில் அடிக்கும் கைக்கு 1/500. வெளிச்சம் பத்தாதே என்றால் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் எண்) 3200-க்கு ஏற்றுங்கள். மாணவர்கள் புள்ளி விழும் என்று பயந்து 400-லேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. புள்ளி விழுந்த படத்தைப் பிரிண்ட் போடலாம், ஆடின படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு தொல்லை, விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழுவது இதனால்தான். அந்த விளக்குக்குக் கீழே 1/100-இல் எடுத்தால் தொல்லை இல்லை. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் பட்டை இன்னும் மோசமாக விழும். கடன் வாங்கும் முன் இதையும் யோசியுங்கள்.

பின்ஹோல் கறுத்தது சின்னக் கணக்குப் பிசகு. ஓட்டையிலிருந்து பேப்பர் வரையான தூரத்தை ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். டின்னில் 10 செ.மீ. தூரம் என்றால் 0.45 மி.மீ. ஓட்டை பொருத்தம், எஃப் 222 வரும். போட்டோ பேப்பரின் ஐஎஸ்ஓ சுமார் 6. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் வேகம் என்பார்கள், அதாவது 1/6 விநாடி. எஃப் 222-க்கு அதைப்போல 190 மடங்கு, அரை நிமிடம் சொச்சம். நீங்கள் வைத்தது 5 நிமிடம், பத்து மடங்கு! ஊக்கால் குத்தி ஓட்டை 1 மி.மீ. ஆகியிருந்தால் 7 விநாடியே போதும். ஓட்டையை அளக்க, அந்தத் தகட்டை ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து குறுக்கே பிக்சலை எண்ணுங்கள். 21 வந்தால் 0.45 மி.மீ. அப்படியும் கறுத்தால், ஓட்டையை மூடியபடி டின்னை இரண்டு நிமிடம் வெயிலில் வைத்து அந்தப் பேப்பரைக் கழுவிப் பாருங்கள். சாம்பல் ஏறினால் மூடியோரம் ஒழுகுகிறது.

போனில் நன்றாக வருவதற்குக் காரணம், நீங்கள் ஒருமுறை தொட்டால் அது பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. உங்கள் பிழையை அது திருத்திவிடுவதால் பிழை எது என்றே தெரியாமல் போகும். போனை விட வேண்டாம், குறிப்பு எழுத வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஃபிலிம் படத்துக்கும் எங்கே, எந்த எஃப், எந்த வேகம் என்று.

சரி, காசு செலவழித்தே தீருவேன் என்றால் ஒரு லென்ஸ் வாங்குங்கள், அதுவும் பழையதாக: நிக்கானின் 50 மி.மீ. எஃப் 1.8 டி. ஜி என்று முடியும் புதிய வகை வேண்டாம். ஜி-யில் அப்பெர்ச்சர் (ஒளி புகும் துளை) வளையம் கிடையாது. எஃப்எம்10-இல் மாட்டினால் துளையைக் கட்டுப்படுத்த முடியாது. டி வகையில் வளையம் உண்டு, எஃப்எம்10-இல் மீட்டரோடு வேலை செய்யும். டி5600-இல் வளையத்தை 22-இல் பூட்டிவிட்டால் அப்பெர்ச்சரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த பாடியில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் ஆட்டோ ஃபோகஸ் வராது. கையால் திருப்ப வேண்டும். வியூஃபைண்டரில் மூலையில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஃபோகஸ் விழுந்தது. கிட் லென்ஸ் 55-இல் 5.6 தருகிறது, இது 1.8. கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம். வாங்கும்போது போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அது இல்லாத பழைய லென்ஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

ஒரே லென்ஸ், இரண்டு பாடி. இந்த ஏற்பாட்டில் ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான்கு கேமராவும் நான்கு இடமும் நான்கு வெளிச்சமுமாக ஓடியதால்தான் எது எதனால் கெட்டது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. வெள்ளை வேட்டிக்காரரை வெயிலில் நிறுத்தி இரண்டிலும் எடுங்கள். டிஜிட்டலில் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூடினால் வேட்டி மடிப்பு வெளுத்துப் போய் மீளவே மீளாது. அதனால் அங்கே வேட்டிக்கு அளந்து எடுக்க வேண்டும். எச்பி5 ஒரு ஸ்டாப் கூடினாலும் மடிப்பைக் காப்பாற்றிவிடும், ஆனால் குறைத்து எடுத்தால் முகத்தின் நிழல் பக்கம் காலி. அங்கே நிழலுக்கு அளக்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோவுக்கு உங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது: குறுக்குத்துறை. தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், வெள்ளம் வந்தால் முங்கும், வடிந்தால் மறுபடி எழும். ஒரு மாதம் அங்கேயே போங்கள். பையன்கள் குதிக்கும்போது தெறிக்கும் தண்ணீரை டி5600-இல் 1/1000-க்கு நிறுத்துங்கள். கல் மண்டபத்து நிழலில் உட்காரும் பெரியவர்களை எஃப்எம்10-இல், அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எடுங்கள். பின்ஹோலைப் படித்துறையில் செங்கல் வைத்து நிறுத்துங்கள். அரை நிமிடத்தில் குளிப்பவர்கள் எல்லாம் கரைந்துபோய்க் கோயில் மட்டும் மிஞ்சும். காலை மஞ்சள் வெயில் பேப்பருக்கு அவ்வளவாகத் தெரியாது, அப்போது நேரத்தைக் கூட்டி, ஒன்றை 1 நிமிடம், ஒன்றை 2, ஒன்றை 4 என்று வைத்துப் பாருங்கள்.

இப்போதைக்கு, அந்த வெறும் ரோலின் ஓரத்தைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, எண் தெரிகிறதா என்று நானும் பார்க்கிறேன். எஃப்எம்10-இன் அடியில் உள்ள பேட்டரி மூடியைக் காசு வைத்துத் திருகித் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட காது பட்ஸால் துடைத்துக் காயவிட்டுப் புதிய பேட்டரி போடுங்கள்.