ஹாப்ஸைப் படிக்க ஸ்ட்ராஸா, மக்பர்சனா, ஸ்கின்னரா?

ஸ்ட்ராஸ், மக்பர்சன், ஸ்கின்னர் மூன்று பேரும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அரசியல் தத்துவவாதி ஹாப்ஸ் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குவென்டின் ஸ்கின்னர் 2008-இல் எழுதிய, ஹாப்ஸும் குடியரசுச் சுதந்திரமும் பற்றிய நூலை வாங்குங்கள்.

ஹாப்ஸின் முக்கிய நூலான லெவயதனின் 21-ஆம் அத்தியாயத்தில் ஓர் இடம் வரும். மன்னர் இல்லாத குடியரசாக இருந்த இத்தாலியின் லூக்கா நகரக் கோபுரங்களில் 'சுதந்திரம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது, அதற்காக அந்த ஊர்க்காரனுக்குக் சுல்தான் ஆளும் கான்ஸ்டான்டினோபிளில் இருப்பவனைவிட அதிகச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது என்கிறார் ஹாப்ஸ். தனியாகப் படித்தால் போகிற போக்கில் சொன்னது மாதிரிதான் இருக்கும். ஆனால் 1649-இல் மன்னரின் தலையை வெட்டிய இங்கிலாந்தில், மன்னராட்சியில் வாழ்பவன் அடிமைதான் என்று குடியரசு ஆதரவாளர்கள் பலர் எழுதிக்கொண்டிருந்தபோது, 1651-இல் வந்த புத்தகம் அது. யாரோடு சண்டை போடுகிறார் என்பதை ஸ்கின்னர் பக்கம் பக்கமாகக் காட்டும்போது அந்த வரிக்கே உயிர் வந்துவிடுகிறது.

மக்பர்சன் தன் 1962 நூலில் ஹாப்ஸின் மனிதனிடம் சந்தைச் சமூகத்து மனிதனைப் பார்க்கிறார். அதே நூற்றாண்டின் இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு நல்லது, ஆனால் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை அவர் கொஞ்சம் அதிகமாகவே சந்தையாக்கிவிடுகிறார் என்பது என் கருத்து. ஸ்ட்ராஸின் 1936 நூல் வேறு மாதிரி: ஹாப்ஸுக்கு அடித்தளம் அறிவியல் அல்ல, தற்பெருமையும் சாவு பயமும்தான் என்கிறார். கூர்மையான வாசிப்பு, ஆனால் லெவயதனை ஒருமுறை முடித்த பிறகு எடுங்கள்.

அப்புறம், ரிச்சர்ட் டக் எழுதிய சின்ன அறிமுக நூல் நூலகத்தில் கிடைத்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.