கடைக்குள் நடக்கும் நடை கலோரிக் கணக்கில் வருமா?

கேள்வி: வயது 43. உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றபடிதான் இருப்பேன். மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் தினமும் 11,000 ஸ்டெப், 450 கலோரி என்று காட்டுகிறது. வாட்ச் வந்தபின் காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும் செய்கிறேன். போனில் உள்ள ஆப் அந்த 450-ஐச் சேர்த்து, ‘இன்று இன்னும் இவ்வளவு சாப்பிடலாம்’ என்கிறது. அதை நம்பிச் சாயங்காலம் டீயோடு இரண்டு பழம்பொரி சாப்பிடுகிறேன். மூன்று மாதத்தில் எடை குறையவில்லை, ஒரு கிலோ ஏறியிருக்கிறது. வீட்டிலும் கடையிலும் நடப்பது நடை இல்லையா? எதைத்தான் கணக்கில் சேர்ப்பது?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, சகோதரி. ஒரே நடையை அந்த ஆப் இரண்டு முறை வரவு வைத்திருக்கிறது.

ஆப்பை முதலில் திறந்தபோது வயது, உயரம், எடையோடு ‘உங்கள் வேலை எப்படிப்பட்டது’ என்றும் கேட்டிருக்கும். ‘பெரும்பாலும் நின்றபடி’ என்பதை உங்கள் மகன் தேர்வு செய்திருப்பார். அந்த ஒரு பதிலிலேயே அடுப்படி நடை, கடைக்குள் நடை, தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டு இறங்கி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கடைவரை போகும் நடை எல்லாம் உங்கள் அன்றாடச் சாப்பாட்டு அளவுக்குள் அடங்கிவிட்டன. அப்புறம் வாட்ச் அதே நடையை மறுபடி எண்ணி 450 என்று நீட்டுகிறது. ஆப்பும் வாங்கிக் கூட்டிக்கொள்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரே விதிதான். வாட்ச் கட்டுவதற்கு முன்னாலும் நடந்துகொண்டிருந்த நடையைச் சேர்க்காதீர்கள். அந்த நடையையும் நடந்துகொண்டேதான் உங்கள் உடம்பு 68 கிலோவுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த அந்தக் காலை அரை மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

அது எவ்வளவு வரும்? வேகமாக நடந்தால் நிமிடத்துக்கு 100 ஸ்டெப் விழும். அரை மணிக்கு 3,000. உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் ஆயிரம் ஸ்டெப்புக்கு 25 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 75 கலோரி. வாட்ச் சொன்னது 450.

இவ்வளவு வித்தியாசமா என்று கேட்பீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி எரிக்கும். உங்களுக்கு மணிக்கு 68. 11,000 ஸ்டெப் என்பது இரண்டு மணி நேர நடை. அந்த நேரம் நாற்காலியில் இருந்திருந்தாலும் 136 போயிருக்கும். அதையும் ‘நடந்து எரித்தது’ என்று பல வாட்சுகள் சேர்த்தே காட்டும். மிச்சமுள்ள 314-இல் பெரும்பகுதி நீங்கள் வழக்கமாக நடக்கும் 8,000 ஸ்டெப்புக்கு உரியது. அதையும் கழித்தால் எண்பதைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு பழம்பொரியே இருநூறு கலோரியைத் தொடும். இந்த ஆப்கள் எடை குறைவதற்காக வழக்கமாகத் தினமும் 500 கலோரி குறைத்து இலக்கு வைக்கும். அந்தக் குறைப்பை நீங்கள் சாயங்காலமே திருப்பிச் சாப்பிட்டுவிடுகிறீர்கள்.

வாட்ச் எண்ணுவதிலும் கோளாறு உண்டு. அதற்குத் தெரிவது மணிக்கட்டின் ஆட்டம் மட்டும்தான். சப்பாத்தி மாவு பிசைந்தால் நடந்ததாக எண்ணும். ஒருமுறை வாட்சைக் கட்டிக்கொண்டு லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிவரை ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தே போனேன். கம்பியைப் பிடித்த கை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கியது. இறங்கிப் பார்த்தால் நூற்றுக்கு மேல் ஸ்டெப் ஏறியிருந்தது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்லதுகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். மருந்துப் பட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட வேண்டும், அரிசி மூட்டையில் எடை அச்சிட வேண்டும். இந்த வாட்ச் பெட்டிகளில் ‘கலோரி இத்தனை சதவீதம் தப்பலாம்’ என்று ஒரு வரி போட்டு நான் இதுவரை பார்க்கவில்லை. இதை யாராவது கேட்க வேண்டாமா?

இனி நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. உங்களைப் போல எடை இறங்காமல் தவிக்கும் பெண்களைத் தேடியே ஒரு கூட்டம் வருகிறது. காலையில் நடக்கும் இடத்தில் மேசை போட்டு ‘இலவசமாக எடை பார்க்கிறோம் அக்கா’ என்பார்கள். ஒரு மெஷினைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள். உடம்பில் கொழுப்பு இத்தனை, உங்கள் உடம்பின் வயது 58 என்று சீட்டு வரும். பயந்துபோவீர்கள். அந்த மெஷின் செய்வது, லேசான மின்சாரத்தை உடம்பு வழியாக அனுப்பிப் பார்ப்பது. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அது காட்டும் எண் மாறும். வியர்க்க வியர்க்க நடந்து வந்து பிடித்தால் ஒன்று, வீட்டில் ஆற அமர இருந்துவிட்டுப் பிடித்தால் வேறு. அடுத்து ஒரு டப்பா பவுடர், ஒரு வாட்ச், ஒரு வாட்ஸ்அப் குரூப். கம்பத்தில் என்னிடம் முழங்கால் வலிக்கு வந்த ஒரு ஆசிரியை, மாதம் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் அந்தப் பவுடரைக் கரைத்துக் குடித்துவந்தார். குரூப்பில் தினமும் 15,000 ஸ்டெப் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டுமாம். போடாவிட்டால் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்பார்களாம். கால் வீங்கிப்போய் வந்தார். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ‘நடந்தால் பணம்’ என்று ஆசை காட்டி, சேர்வதற்கு உங்களிடமே பணம் கேட்கும் ஆப்பையும் தொடாதீர்கள். இலவச எடை மேசையைக் கண்டால் நிற்காமல் போய்விடுங்கள். எடை மெஷின் வேண்டுமென்றால் வீட்டுக்குச் சாதாரணமாக ஒன்று வாங்கினால் போதும்.

பழைய நடையைச் சேர்க்காதே என்று உங்களுக்குச் சொன்னேன். இதை உங்கள் தெருவில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கணக்கு முழுக்க வேறு. விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, வண்டன்மேடு, அணக்கரைப் பக்கம் போய்க் காய் எடுக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஏலச்செடியில் காய் தூரில், மண்ணை ஒட்டிப் பிடிக்கும். சரிவில் குனிந்தும் குந்தியும் ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வாட்சைப் பொறுத்தவரை அது நடையே கிடையாது. எடுத்த காயைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்து மேட்டில் ஏறும்போது, ஒரு கை சாக்கைப் பிடித்திருக்கும். வாட்ச் அந்தக் கையில் இருந்தால் அப்போதும் சரியாக எண்ணாது. 68 கிலோ உடம்பு 100 மீட்டர் உயரம் ஏறினாலே நடைக்கான கலோரிக்கு மேல் அறுபது கலோரியாவது கூடுதலாகச் செலவாகும். தலையில் 20 கிலோ இருந்தால் எண்பதைத் தாண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்தபடி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் நாளைக்கு 1,660 கலோரி. கடும் உழைப்பென்றால் 2,720. ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம்! ஆகவே தோட்ட வேலை செய்யும் பெண் ஒருத்தி, யாரோ பரிசாகக் கொடுத்த வாட்சில் ‘4,000 ஸ்டெப்தான்’ என்று பார்த்துவிட்டுக் கஞ்சியைக் குறைத்தால் மயங்கித்தான் விழுவாள். அவர்களுக்கு ஸ்டெப் கணக்கே வேண்டாம். வயிறார, பருப்போ முட்டையோ சேர்த்துச் சாப்பிடட்டும்.

உங்கள் கடையிலும் மாடி கோடவுன் இருந்து, அடிக்கடி மூட்டை தூக்கிப் படி ஏறுகிறீர்களா? அது முன்பிருந்தே செய்வதென்றால் சேர்க்காதீர்கள். அண்மையில் அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் மட்டும் தாராளமாகச் சேருங்கள்.

அப்படியானால் கடைக்குள் நடப்பது வீணா? இல்லவே இல்லை. எடைக் கணக்கில்தான் அதை எழுத வேண்டாம் என்கிறேன். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ஒவ்வொரு ஸ்டெப்பும் நல்லது. தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் சேரும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020-இல் எடுத்துவிட்டது. 10,000 ஸ்டெப்பை எட்டவில்லை என்றும் கவலைப்பட வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. ‘மான்போ-கெய்’ என்றால் பத்தாயிரம் காலடி மானி என்று பொருள். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வயதான பெண்களிடம் 4,400 ஸ்டெப்பிலேயே இறப்பு அபாயம் குறையத் தெரிந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று உள்ளே போனால் ‘எடையைக் குறைங்க, நடங்க’ என்று இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எங்கே நடப்பது? மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023-இல் அறிவித்துத் திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் கூடலூரில் இருக்கும் பெண் விடியற்காலையில் பஸ் பிடித்துப் போயா நடக்க முடியும்? சபரிமலை சீசனில் லோயர் கேம்ப் சாலை ஓரத்தில் நடப்பது ஆபத்து. அந்த இரண்டு மாதமும் தெருவுக்குள்ளேயே, அதே அரை மணி நேரம் நடங்கள்.

சரி, இன்று ராத்திரியே செய்ய வேண்டியது. ஆப்பில் ‘நடையைத் தானாகச் சேர்’ என்பது போல ஓர் இடம் இருக்கும். மகனிடம் சொல்லி அதை அணைத்துவிடுங்கள். வேலை ‘நின்றபடி’ என்று இருப்பதை மாற்றாதீர்கள். காலை நடைக்கு 75 என்று கையால் எழுதுங்கள், எழுதாமல் விட்டாலும் நல்லதே. பழம்பொரி வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்று மட்டும். தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து எழுதுங்கள், பெரும்பாலானவர்கள் மறப்பது அதைத்தான். ஞாயிறு காலை, காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரம் ஒரு தடவை போதும்.

ஆறு வாரம் இப்படி இருந்தும் முள் நகரவில்லை என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது, அசதி இருக்கிறது என்றால் ஆறு வாரம் காத்திருக்கவே வேண்டாம். தைராய்டுக்கு மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். சர்க்கரைக்கும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் காலை டீயைக்கூடக் குடிக்காமல் போங்கள்.