வலது கணுக்காலில் அடி: ஊன்றுகோல் எந்தக் கையில்?

வலது கணுக்காலில் அடிபட்டு, ஊன்றுகோலை வலது கையில் பிடித்து நடப்பதாகவும் தோள் வலிப்பதாகவும் எழுதி, வீட்டுப் படியில் ஏறி இறங்குவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோலை இடது கைக்கு மாற்றுங்கள். அடிபட்ட வலப்பக்கமே பிடித்தால் உடல் அந்தக் காலின் மேலேயே சாயும். கோலும் வலது காலும் சேர்ந்து முன்னே போகட்டும்.

தோள்வலிக்குக் கோலின் உயரம் காரணமாக இருக்கலாம். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

நீங்கள் கேட்ட தக்கலை வீட்டுப் படி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும்.

கோலின் அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாக இருந்தால், இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாசி படிந்த முற்றம் ஆளைச் சாய்த்துவிடும். ரப்பர் விளையும் ஊரில் இதற்கா பஞ்சம்!

காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த ஒரு கோல் போதாது. இரண்டு அக்குள் கட்டைகள் வேண்டும். அதிலும் எடையை உள்ளங்கைதான் தாங்க வேண்டும், அக்குள் அல்ல.