கொரோனா ஊரடங்கில் பெண்கள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன என்றால், வீட்டு வன்முறையும் குறைந்தது என்றுதானே பொருள்?

இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கேட்பதால், அந்த மாதங்களில் நீங்கள் அஞ்சத்தக்க ஒருவரோடு ஒரே வீட்டில் அடைபட்டிருக்கவில்லை என்று கருதுகிறேன். நான் அப்போது பெண்களுக்கான உதவி எண் ஒன்றில் ஆலோசகராக இருந்தேன். தொடக்க வாரங்களில் அழைப்புகள் குறைந்தது உண்மை. 2020 மார்ச்சில் இத்தாலியிலும் அவ்வாறே குறைந்தன. அடிப்பவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில்தான் பெண்கள் எங்களிடம் பேசுவார்கள். அந்த நேரமே இல்லாமற்போனது.

பிறகு நள்ளிரவில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. "பதில் அனுப்ப வேண்டாம், நானே அழைக்கிறேன்" என்று எழுதிய ஒரு பெண், குழந்தைக்கு மருந்து வாங்கச் சென்ற இடத்திலிருந்து பேசினார். வெளியேறிவிடுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். ஆனால் காப்பகம் தொற்றில்லை என்ற சான்றைக் கேட்டது. பரிசோதனை செய்துகொண்டவரோ முடிவு வரும்வரை வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டிலிருந்து தப்ப நினைத்தாரோ, அதே வீட்டில்! மூடிக்கிடந்த தங்கும் விடுதி ஒன்றின் உரிமையாளர் அறை கொடுத்த பின்னரே அவரும் குழந்தையும் வெளியேற முடிந்தது.

நோய்த்தடுப்பையே நான் எதிர்ப்பதாகச் சிலர் பின்னூட்டமிடக்கூடும். காப்பகத்தில் இருந்த மற்றப் பெண்களையும் காக்க வேண்டியிருந்தது என்பதை அறிவேன். முடிவு வரும்வரை தங்குவதற்கு ஓரிடம் ஏன் முன்கூட்டியே ஒதுக்கப்படவில்லை என்பதே என் கேள்வி. இது எதிர்பாராத ஆபத்தும் அன்று. எபோலா கொள்ளைநோய்க் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் பள்ளிகள் மூடப்பட்டபோது பதின்பருவக் கர்ப்பங்கள் கூடின. 2015இல் பள்ளிகள் திறந்தபோது, கர்ப்பமுற்ற சிறுமிகளுக்கே அங்கு இடம் மறுக்கப்பட்டது, அந்தத் தடை 2020 மார்ச்சில்தான் நீங்கியது. வழி கண்டவர்களும் உண்டு: 2020 ஊரடங்கின்போது ஸ்பெயினின் கேனரி தீவுகளில், ஒரு பெண் மருந்துக்கடையில் "முகக்கவசம் 19" என்று மறைமொழியாகக் கேட்டால், கடைக்காரர் அவசர உதவியை அழைக்கும் ஏற்பாடு இருந்தது.

எங்கள் பணியோ அப்போது இன்றியமையாச் சேவைப் பட்டியலில்கூட இருக்கவில்லை. நடமாட அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டதால் அலுவலகம் பூட்டப்பட்டு, இணைப்புகளை எங்கள் கைபேசிகளுக்கு மாற்றும்வரை மணி ஆளில்லா அறையில் ஒலித்தது. நீங்கள் சுட்டும் எண்ணிக்கையில் அந்த அழைப்புகள் சேரவே இல்லை.